சூப்பர்சார்ஜர் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகரின் கேள்விக்குத் தந்திருந்த பதிலைப் பற்றி எழுதுகிறேன். சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்திய ஸ்போர்ட்ஸ் காருக்கு, சக்கரத்துக்கு முன்னால் உள்ள கடைசிப் பல்சக்கர ஜோடியான ஃபைனல் டிரைவையும் மாற்றலாமா என்று அவர் கேட்டிருந்தார். 4.10 இருக்கும் இடத்தில் 4.56 போடுங்கள், இரண்டும் சேர்ந்தால் பிக்கப் பிரமாதமாக இருக்கும் என்று பதில் வந்திருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை ஒரு தம்பி பாடியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். கையில் கனமான அட்டைப்பெட்டி. உள்ளே 4.56 கிரவுன் பினியன் செட். பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு, "சனிக்கிழமைக்குள் மாட்டித் தர முடியுமா அண்ணே?" என்று கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 61. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கியர் தொழிற்சாலையில் 9 வருடம் பல் வெட்டும் மெஷினில் நின்றிருக்கிறேன். அப்புறம் ஷார்ஜாவில் 18 வருடம், டிஃபரன்ஷியல் (இந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் பின் அச்சுப் பெட்டி) வேலை மட்டும். ஊருக்குத் திரும்பியும் அதே வேலைதான். வேறு எதிலும் எனக்குப் பெரிய அனுபவம் கிடையாது. இந்த ஒன்றில் உண்டு.

காரின் பின்பக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சி சக்கரத்துக்குப் போகும் முன் கடைசியாக ஒரு முறை குறைக்கப்படுகிறது. சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.10. அதே 41க்கு 9 பல் பினியன் போட்டால் 4.56. எண் பெரிதானால் கியர் குட்டை. புதிதாக வருகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். பைக்கில் பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டினால் என்ன ஆகும் என்று யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டிய எவரைக் கேட்டாலும் சொல்வார். இழுவை கூடும், ஓட்டம் குறையும். காரிலும் அதே கணக்குதான்.

குட்டை கியர் எதற்கு என்று புரிய, காசிமேட்டில் மோட்டார் வைத்த மீன்பாடி வண்டியைப் பார்த்தால் போதும். பழைய ஸ்கூட்டர் எஞ்சின். அதற்குச் சக்தி கொஞ்சம்தான். ஆனால் ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றிய பாரத்தை அது இழுத்தாக வேண்டும். அதனால் முன்னால் சின்னப் பல்சக்கரம், அச்சில் பெரிய பல்சக்கரம் வைத்து எஞ்சினை நிறையச் சுற்றவிட்டு, வண்டியை மெதுவாக நகர்த்துவார்கள். யாரும் எந்தப் புத்தகமும் படித்து அதைச் செய்யவில்லை, ஆனால் மிகச் சரியாகச் செய்தார்கள். எஞ்சினிடம் முறுக்கு விசை குறைவாக இருந்தால் குட்டை கியர் அதை ஈடுகட்டும்.

கார் கம்பெனியும் இதைத்தான் செய்தது. டொயோட்டா 86 கார் 2012இல் வந்தபோது மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஃபைனல் டிரைவ் 4.10. 2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று (ஆர்.பி.எம்.) 3,000இலிருந்து 4,500 வரை இருக்கும்போது ஒரு பள்ளம் போல இழுவை தொய்ந்துவிடும் என்பது அந்தக் காரைப் பற்றி எல்லோரும் சொன்ன குறை. 2017 மாடலில் மேனுவல் வண்டிகளுக்கு 4.30 வைத்தார்கள். சூப்பர்சார்ஜரோ டர்போவோ இல்லாமல் தானாக மூச்சு விடும் எஞ்சினுக்கு அது பொருத்தமான மாற்றம்.

இப்போது அதே காரில் சூப்பர்சார்ஜரைப் பூட்டிவிட்டீர்கள். இழுவை குறைவு என்ற நோய்க்கு ஒரு மருந்து கொடுத்தாயிற்று. அதற்கு மேல் குட்டை கியரும் போடுவது அதே நோய்க்கு இரண்டாவது மருந்து. அது தேவையா இல்லையா என்பது முதல் மருந்து எஞ்சினின் எந்தப் பகுதியில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. தங்கள் பதிலில் விட்டுப்போனது இந்த ஒரு கேள்விதான்: சூப்பர்சார்ஜர் எந்த வகை?

வகைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளுவது. ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ இரண்டும் இந்த இனம். ரூட்ஸ் என்பது 1860இல் அமெரிக்காவின் இண்டியானாவில் இரண்டு சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய காற்றூதி. கார் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் உலைக்குக் காற்று ஊதப் பயன்பட்டது. இந்த வகை 2,000, 2,500 ஆர்.பி.எம்.மிலேயே அழுத்தத்தைக் கட்டிவிடும். காலை வைத்ததும் இழுக்கும். இழுவைக் கோடு ஏறக்குறைய மேசை போல மட்டமாக இருக்கும்.

மற்றது சென்ட்ரிஃபியூகல். நத்தை ஓடு மாதிரி இருக்கும், எஞ்சினின் முன்பக்கம் பெல்ட்டில் தொங்கும். இதில் அழுத்தம் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். 7,400 ஆர்.பி.எம்.மில் 0.6 பார் அழுத்தம் தருகிறது என்றால், அதில் பாதியான 3,700இல் பாதி அழுத்தம் கிடைக்காது. கால் பங்குதான், சுமார் 0.15 பார். ஆகவே இந்த வகை பொருத்திய கார் கீழே பழைய கார் மாதிரியே இருக்கும். மேலே போனால்தான் வேறு ஆளாக மாறும்.

ஷார்ஜாவில் நடந்ததைச் சொல்கிறேன். ட்வின் ஸ்க்ரூ பொருத்திய 86 ஒன்றை ஒரு எமிராத்தி இளைஞர் கொண்டுவந்தார். டைனோவில் (எஞ்சினின் சக்தியை அளக்கும் மெஷின்) 280 நியூட்டன் மீட்டர் காட்டிய எஞ்சின். 4.56 வேண்டும் என்றார். நானும் இரண்டாவது யோசனை செய்யாமல் மாட்டிக் கொடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது, பல்லில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. இரண்டு வாரத்தில் அவரே திரும்பி வந்தார். முதல் கியரில் சக்கரம் சுற்றுகிறது, இரண்டாவதிலும் சுற்றுகிறது, மூன்றாவது போட்டு நிமிர்வதற்குள் நண்பனின் கார் போய்விடுகிறது என்றார். நெடுஞ்சாலையில் 120இல் போனால் காதுக்குள் எஞ்சின் இரைகிறது என்றார். அன்று இரவு அறைக்குப் போய், படுக்கையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாட்டும் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

அந்தக் காரின் இரண்டாவது கியரின் விகிதம் 2.188. அதை 4.10ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9. கம்பெனி எஞ்சினின் 205 நியூட்டன் மீட்டர் பின் அச்சுக்கு வரும்போது சுமார் 1,840 ஆகிறது. டயரின் ஆரம் 31 சென்டிமீட்டர். வண்டியை முன்னே தள்ளும் விசை சுமார் 600 கிலோ எடைக்குச் சமம். அந்தக் காரின் பின்சக்கரங்களில் நிற்கும் எடையும் 600 கிலோ ஒட்டித்தான். வேகமெடுக்கும்போது பாரம் பின்னுக்குச் சாய்வதைச் சேர்த்தால் 700 சொச்சம். நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை என்றால் டயர் அந்த அளவுக்குத்தான் சாலையைப் பிடித்துத் தள்ள முடியும். ஆக, கம்பெனி எஞ்சின் இரண்டாவது கியரில் வரம்புக்குள் இருக்கிறது. அதையே 280 ஆக்கினால் தள்ளு 820 கிலோ. உராய்வில் போவதைக் கழித்தால் பிடிமானத்தின் விளிம்பில் வந்து நிற்கிறது, 4.10இலேயே. 4.56 போட்டால் 910. விளிம்பைத் தாண்டியாயிற்று. கூடுதலாக வந்த விசை முழுவதும் டயரைத் தேய்க்கத்தான் போகிறது. இது ஷார்ஜாவின் காய்ந்த சாலைக் கணக்கு. நம் ஊர் ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டயர் சுற்றாத கியர்களில் லாபம் உண்டல்லவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்றாவதில் 11 சதவீதம் கூடுதல் தள்ளு கிடைப்பது உண்மை. ஆனால் அந்தக் கியர் சீக்கிரம் முடிந்தும் போகும். 7,400 ஆர்.பி.எம். வரை இழுத்தால், 4.10இல் மூன்றாவது கியர் 138 கிலோமீட்டர் வேகம் வரை வரும். 4.56இல் 124இலேயே முடிந்துவிடும். 124க்கும் 138க்கும் நடுவில் 4.10 கார் இன்னும் மூன்றாவதிலேயே இழுத்துக்கொண்டிருக்க, 4.56 கார் நான்காவதுக்கு மாறியிருக்கும். அந்த இடத்தில் அதன் தள்ளு 12 சதவீதம் குறைவு. ஒரு பக்கம் கொடுத்ததை இன்னொரு பக்கம் வாங்கிக்கொள்கிறது, நடுவில் கியர் மாற்றும் நேரமும் வீண். குறிப்பிட்ட வேகத்தில் கார் எவ்வளவு வேகமெடுக்கும் என்பதை முடிவு செய்வது அந்த நொடியில் எஞ்சின் தரும் திறன். பல்சக்கரம் புதிதாகத் திறன் எதையும் உண்டாக்காது. எஞ்சினைத் திறன் அதிகமுள்ள ஆர்.பி.எம்.முக்குத் தூக்கிக் கொடுக்கத்தான் அதனால் முடியும்.

அந்த இளைஞருக்குப் பழைய 4.10ஐயே திரும்ப மாட்டிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. கார் முன்னைவிட வேகமாக ஓடியது.

இப்போது மறுபக்கம். சென்ட்ரிஃபியூகல் வகைக்குக் குட்டை கியர் உண்மையிலேயே உதவும். சில மாதம் கழித்து அதே ஷார்ஜாவில் அப்படிப்பட்ட 86 ஒன்றுக்கு 4.30 மாட்டினோம். அதன் உரிமையாளர் கடைசிவரை அதை மாற்றவே இல்லை. காரணத்தை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தை வைத்துச் சொல்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கும் வளைவு ஒன்றில், மூன்றாவது கியரில் வெளியே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4.10இல் எஞ்சின் சுமார் 4,290 ஆர்.பி.எம்.மில் இருக்கும். அந்தப் பள்ளத்தின் உள்ளேதான். சூப்பர்சார்ஜர் அங்கே 0.20 பார்தான் தரும். 4.30இல் 4,500, பள்ளத்தின் கரை. 4.56இல் 4,770, அழுத்தம் 0.25 பார். அதாவது பல் மாற்றத்தால் வரும் பெருக்கல் ஒன்று, அதற்கு மேல் கூடுதல் அழுத்தம் ஒன்று என இரண்டு லாபம். ட்வின் ஸ்க்ரூவில் இந்த இரண்டாவது லாபம் கிடையாது, அதில் அழுத்தம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது. அதே சூப்பர்சார்ஜர் என்ற பெயர், அதே கார். ஆனால் ஒன்றுக்கு நல்லது மற்றதற்கு ஆகாது. சென்ட்ரிஃபியூகலுக்கும் நான் 4.30தான் சொல்வேன். 4.56 என்பது ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடுகிற, மெல்லிய டயரில் நிற்காத காருக்கு.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தங்கள் பதிலிலும் அது இருந்தது. ஃபைனல் டிரைவைக் குட்டையாக்கினால் கியர்கள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும், மாற்றும்போது ஆர்.பி.எம். குறைவாக விழும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. 86இல் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு 7,400இல் மாற்றினால் 5,200க்கு விழும். 4.10 போட்டாலும் அதே 5,200, 4.56 போட்டாலும் அதே 5,200. கியர்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. பின்னால் எதை மாற்றினாலும் அது அசையாது. அதை நெருக்க வேண்டும் என்றால் கியர்பாக்ஸைத்தான் திறக்க வேண்டும்.

பலத்தைப் பற்றியும் பேச வேண்டும். 9 பல் பினியன், 10 பல் பினியனைவிடச் சின்னது. அதே கிரவுனுக்குள் அடங்க வேண்டுமானால் சின்னதாகத்தான் இருக்க முடியும். எஞ்சினின் சக்தியை ஏற்றிவிட்டு, அதைச் சுமக்கும் பல்லைச் சிறிதாக்குகிறோம். உடைந்த பினியன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் உடைவது வேகமாக ஓடும்போது இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளட்சை உதறிவிட்டு, சுற்றிய சக்கரம் திடீரென்று சாலையைக் கவ்வும் அந்த நொடியில்தான்.

வேலையைப் பற்றியும் ஒன்று. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஜோடியாக உரசிச் சேர்க்கப்பட்டவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். புதுப்பேட்டையில் ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்த்து "ஒரே சைஸ்தான் சார்" என்று கொடுப்பதுண்டு. வாங்காதீர்கள். பல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கலாம், ஆனால் பல்லும் பல்லும் உட்காராது, 60 கிலோமீட்டரில் ஊளையிடும். சரியான ஜோடி வந்தபிறகும், பல்லுக்குப் பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து 0.15 மில்லிமீட்டர் ஒட்டிக் கொண்டுவந்து, பல்லில் வண்ணப் பசை தடவிச் சுற்றி, பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நுனியில் விழுந்தால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றித் திரும்ப மாட்ட வேண்டும். எனக்கு ஒரு முழு நாள் ஆகும். இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். புது செட்டை முதல் 20 நிமிடம் மெதுவாக ஓட்டி, ஆறவிட்டு, அப்புறம்தான் அதன்மேல் பாரம் வைக்க வேண்டும். சென்னையில் மே மாதம் என்றால் ஆறவைக்க இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா என்னைச் சோழவரத்துக்கு அழைத்துப்போயிருக்கிறார். போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள். வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தோம். எந்தக் கார் எந்த இடத்தில் கியர் மாற்றுகிறது என்று சத்தத்தை வைத்தே அப்பா சொல்வார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வந்தது. 2024இல் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்ததிலிருந்து, கார் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் வாரம் ஒருவராவது என் ஷெட்டுக்கு வருகிறார்கள். எனக்கு அது சந்தோஷம். அவர்கள் கேட்பது நல்ல கேள்விகள். அவர்களுக்கு அரைகுறையான பதில் போய்ச் சேர்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு செட்டின் விலை, சுங்கம் எல்லாம் சேர்த்தால், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு பிள்ளைக்குச் சின்னத் தொகை இல்லை. அதே பணத்தை நல்ல டயர்களுக்குச் செலவிடலாம். ட்வின் ஸ்க்ரூ காருக்கு நான் சொல்வது அதுதான்.

சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினில் கைவைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தவிர அண்ணா சாலையில் இந்த கியருக்கெல்லாம் எந்த வேலையும் இல்லை.

சரி, அந்தத் தம்பியிடம் வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து குடும்பம் திரும்பியபோது கொண்டுவந்த 86. டிராக்கில் மட்டும் ஓட்டுகிறார், டிரெய்லரில்தான் கொண்டுபோகிறார். "எந்த சூப்பர்சார்ஜர்?" என்று கேட்டேன். தெரியவில்லை. முந்தைய உரிமையாளர் பொருத்தியதாம். செல்போனில் படம் காட்டினார். எஞ்சினின் நடுவில், மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) மேலேயே நீளமாக ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நத்தை ஓடு இல்லை. ரூட்ஸ் அல்லது ட்வின் ஸ்க்ரூ. ஷார்ஜாவில் அன்று இரவு போட்ட கணக்கை ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் அவருக்குத் திரும்ப எழுதிக் காட்டினேன். டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்போ டிராக்கில் ரெண்டாவது கியர்ல வால் ஆடுறது இதனாலதானா?" என்று கேட்டார். பையனுக்குப் பிடிபட்டுவிட்டது.

தங்களிடம் நான் கேட்பது இது. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ட்வின் ஸ்க்ரூ அல்லது ரூட்ஸ் என்றால் இருக்கும் ஃபைனல் டிரைவை மாற்ற வேண்டாம், சென்ட்ரிஃபியூகல் என்றால் 4.30 வரை போகலாம் என்று ஒரு திருத்தம் போடுங்கள். உங்கள் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்களோ. இந்தத் தம்பியின் பெட்டி என் அலமாரியில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. பிரித்தால் விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்.

இப்படிக்கு,
டிஃபரன்ஷியல் மெக்கானிக் ஒருவர்,
பாடி, சென்னை.